உடையாத கவ்வியைத் தேடியவர்

பொருள் வாங்குபவர்கள் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. இவ்விரு கூட்டத்திலும் சேராமல், ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர் என்று மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு, வாசகரே. பசி, தூக்கம், சளி, சம்பளம் எல்லாம் அவருக்கும் நம்மைப் போலத்தான். முடிவு மட்டும் கிடையாது.

இந்த இனம் எந்த நாட்டிலும் வளரும். ஆனாலும் செழிப்பாக வளர்ந்ததைக் காண வேண்டுமானால், பின்லாந்தின் நடுப்பகுதியில் எங்கள் ஹர்யுமாக்கிக் குன்றடிக்கு வர வேண்டும். குன்று பெரிதல்ல, ஏறும் நேரத்தில் பாதிகூட இறங்க ஆகாது. அதனாலேயே எங்கள் பிள்ளைகள் வெறுமனே சறுக்கி இறங்குவதைக் கேவலமாக நினைத்து, சரிவெங்கும் இரும்புக் கம்பிகளை நட்டு, பனியால் மேடு கட்டி, கம்பியின்மேல் வழுக்கி, மேட்டிலிருந்து எகிறி, காற்றில் சுழன்று, முகம் முன்னே போனவர்கள் முதுகு முன்னே வந்து இறங்குகிறார்கள். இத்தனை கூத்துக்கும் காலணியைச் சறுக்குப் பலகையோடு பிடித்து வைப்பவை, விரல் பக்கம் ஒன்றும் குதிகால் பக்கம் ஒன்றுமாக இரண்டு கவ்விகள். அவற்றின் கடமை எளிது. ஆள் நிற்கும்வரை விடக் கூடாது. ஆள் விழுந்தால் விட்டுவிட வேண்டும். பெரிய பெரிய பதவிகளில் இருப்பவர்களுக்கே கைவராத பண்பு இது. எங்கள் ஊர்க் கடையிலோ கொக்கியில் வரிசையாகத் தொங்குகிறது.

நம்முடைய ஆள் இல்போ விர்க்குனென், நகராட்சியின் பாலப் பரிசோதகர். மரம் ஏற்றிய லாரிகள் போகும் பாலத்தைச் சுற்றி ஒருமுறை நடப்பார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘சரி’ என்று கையெழுத்திட்டுவிட்டு மதியச் சூப்புக்குப் போய்விடுவார். அத்தகைய மனிதர், ஜனவரியில் மகள் சைமியின் குதிகால் கவ்வி கம்பியில் மோதிச் சிதறியபோது, உலகத்திலேயே நீடித்து உழைக்கும் கவ்வி எது என்று கண்டறியப் புறப்பட்டார்.

சைமிக்கு அவசரம் இருந்தது. வடக்கே பனிச்சறுக்கு கற்பிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எங்கள் குன்றிலேயே நடக்கவிருந்தது. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும்.

“அப்பா, கடைக்குப் போயி ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமே.”

“ஏதாவது ஒண்ணா?” தேவாலயத்தில் யாரோ சீட்டியடித்ததைப் போல இல்போவின் முகம் சுருங்கியது. “ஏதாவது ஒண்ணு வாங்குறவன்தான் வாங்கிக்கிட்டே இருப்பான். நீ என்கிட்ட விட்டுடும்மா.”

விட்டாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர் முதலில் என்ன செய்வார்? கடைக்குப் போவாரா? ஒருபோதும் இல்லை. அவர் படிப்பார். கனடாவில் எவனோ ஒருவன், முகம் தெரியாதவன், பெயருக்குப் பதிலாக ஒரு விலங்கின் படத்தை வைத்திருப்பவன், ‘நான்கு பருவம் கம்பியில் இடித்தும் அசையவில்லை’ என்று இணையத்தில் எழுதியதைப் படித்து உள்ளம் குளிர்வார். அதற்குக் கீழேயே இன்னொரு விலங்கு, ‘எனக்கு முதல் நாளே போயிற்று’ என்று எழுதியதைப் படித்து உறக்கம் இழப்பார். பெற்ற மகள் சொல்வதை நம்பாதவர் அந்த இரண்டாவது விலங்கை நம்புவார். ஏன்? அது குறை சொல்கிறது. குறை சொல்பவனுக்குத்தான் விஷயம் தெரியும் என்பது இவ்வினத்தின் வேதம்.

அடுத்தது பேச்சு. எங்கள் ஊர்ப் பொதுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், ஆண்கள் ஆடையின்றியும் சொல்லின்றியும் அமர்ந்து வியர்ப்பது வழக்கம். அங்கே ஒருவர் வாய் திறந்தால், ஒன்று யாரோ இறந்திருக்க வேண்டும், அல்லது ஏரியில் பனிக்கட்டி உடைந்திருக்க வேண்டும். இல்போ வாய் திறந்தார்.

“உலோக உடம்பு உள்ளதுதான் உழைக்கும். ஆனா குளிர்ல அதோட ஸ்பிரிங் இறுகிடுமாம். அப்ப பிளாஸ்டிக்? அது இலகுதான். ஆனா, குதிகால்ல பொத்துனு எறங்குனா…”

குன்றின் இழுவைக் கயிற்றை இயக்கும் தாவெத்தி அடுப்புக் கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறியது. இல்போ ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்து, “ஆனா,” என்றார். தாவெத்தி இன்னொரு கரண்டி ஊற்றினார். இல்போ தரையில் படுத்துக்கொண்டு தொடர்ந்தார். கடைசியில் தாவெத்தியே தோல் சிவந்து வெளியே ஓடிப் பனியில் விழ வேண்டியதாயிற்று.

மூன்றாவது, சோதனை. ஒரு நாள் அவருடைய மனைவி மார்கெத்தா உறைபெட்டியைத் திறந்தவாறே கூப்பிட்டாள்.

“இல்போ, மான்கறிக்கும் நெல்லிக்காய்க்கும் நடுவுல என்னமோ இரும்பு கெடக்கே. அத எவ்வளவு நேரம் வேக வைக்கணும்?”

“தொடாத! அது குளிர் வாங்கிக்கிட்டு இருக்கு.”

“நானுந்தான் வாங்கிக்கிட்டு இருக்கேன். பொண்ணு பயிற்சிக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. நீ இன்னும் இரும்பு அவிச்சுக்கிட்டு இரு.”

குளிர் வாங்கிய கவ்வியை எடுத்துப் பாலச் சுத்தியலால் அடித்தார். அது உடையவில்லை. மகிழ்ந்தார். பலகையில் துளையிட்டுத் திருகாணி முடுக்கிப் பொருத்தினார். சைமி காலணியை மாட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள், கனடாவிலிருந்து புதிய விலங்கு ஒன்று அதே கவ்வியைப் பற்றி அழுதிருந்தது. கழற்றினார். துளைகளில் மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தார். வேறொரு கவ்வி தருவித்தார். ஒரு நிறுவனத்தின் துளை இன்னொரு நிறுவனத்தின் திருகாணிக்குப் பொருந்தாது. ஆகவே புதுத் துளை போட்டார். பிறகு, சாகசம் செய்பவர்களுக்குக் கவ்வி பலகையின் நட்டநடுவே இருக்க வேண்டும் என்று ஒரு கட்சியும், சற்றுப் பின்னே இருக்க வேண்டும் என்று மறு கட்சியும் சண்டையிடுவதைப் படித்தார். முன்னே துளைத்தார். பின்னே துளைத்தார். மார்ச் முடிவதற்குள் எங்கள் ஊர் வறட்டு ரொட்டியின் முதுகில்கூட அத்தனை துளை இல்லை என்னும்படி ஆயிற்று அந்தப் பலகை. ஒரு பாலத்தில் அத்தனை துளைகளைக் கண்டிருந்தால் இல்போ அன்றே போக்குவரத்தை நிறுத்தியிருப்பார். ஆனால் அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது கவ்வியை.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல், முடிவு பிறந்தது. அல்லது, நாள்காட்டி அவரைப் பிடித்துத் தள்ளியது. உலோக உடம்பும் அகன்ற அடியும், பலகை தனியே ஓடிவிடாமல் தடுக்கும் வளையாத கால்களும் கொண்ட ஒரு கவ்வி, அந்தத் துளைப் பலகையில் பொருத்தப்பட்டு, குன்றுக்கு வந்து சேர்ந்தது. அடிவாரத்து நெருப்பைச் சுற்றி ஊரே மக்கரா வாட்டிக்கொண்டிருந்தது. கொத்துக்கறி திணித்த அந்தக் குழல் பொரியும் வாசனையில் கடுகுச் சாந்தின் நெடியும் கலந்திருந்தது.

“குடுப்பா, நான் ஒரு தடவை போயிட்டு வரேன்,” என்று சைமி கை நீட்டினாள்.

“மொதல்ல நான். என் எடைய இது தாங்கிடுச்சுன்னா, உன் எடைய ஆயுசுக்கும் தாங்கும்.”

தன் காலணி நீளத்துக்கு அதைத் திருகிக்கொண்டார். பிடியின் இறுக்கத்தையும் கடைசிக் கோடுவரை திருகினார். அவர் இனத்தில் எவரும் நடுக்கோட்டில் நிறுத்துவதில்லை. மேலே போனார். இறங்கினார். குழந்தைகள் ஏறும் மிகச் சிறிய மேட்டில் ஏறி, ஒரு முழம் உயரம் பறந்து, நின்றபடியே தரையைத் தொட்டார்.

ஒரு சத்தம் கேட்டது.

வலது பலகை இல்போவின் காலுக்குக் கீழிருந்து பிரிந்து, தனியாகச் சரிவில் இறங்கி, நெருப்பைச் சுற்றி வளைந்து, கடுகுச் சாந்து வைத்திருந்த மேசையின் அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிவந்து, உறைந்த ஏரியின்மேல் தூரத்துக் கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இல்போ ஒற்றைக் காலில் வந்து நின்றார். மற்ற காலை உயர்த்திக் காட்டினார். முன் கவ்வியும் பின் கவ்வியும், இடையே பிய்த்தெடுத்த ஒரு துண்டுப் பலகையுமாக, காலணியைச் சிங்கம் போலப் பற்றியிருந்தன.

“பாத்தீங்களா? விடல! விடவே இல்ல!”

“ஆமாப்பா,” என்றார் தாவெத்தி. “கவ்வி உன்ன விடல. பலகைதான் விட்டுட்டுப் போயிடுச்சு.”

ஊர் சிரித்தது. சைமி சிரிக்கவில்லை. “நாளைக்கு நான் எதுலப்பா போறது?”

“இன்னும் ஒரு மாடல் இருக்கும்மா. அத மட்டும்…”

அவர் வாக்கியத்தை முடித்தபோது எதிரே அவள் இல்லை.

அவள் தோழி ஒனெர்வாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒனெர்வா தன் பழைய சறுக்குப் பலகைச் சோடியைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தாள். கவ்வி எது, பலகை எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒட்டுப்படங்கள் மூடியிருந்தன: பனிவளைகோல் அணி, காப்பிப் பொட்டலம், மீன் கடை, வாழைப்பழத்தின்மேல் ஒட்டி வரும் சிறு வட்டங்கள்.

“அசிங்கமா இருக்கும். பரவால்லயா?” என்றாள் ஒனெர்வா.

“கழண்டு விழுமா?”

“இதுவரைக்கும் நான்தான் விழுந்திருக்கேன்.”

இருவரும் சமையலறையிலேயே காலணிக்கு அளவு சரிபார்த்து, இறுக்கத்தைச் சைமியின் எடைக்கு ஏற்றபடி வைத்தார்கள். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

சனிக்கிழமை சைமி அந்த நீளக் கம்பியில் ஏறி, கடைசிவரை வழுக்கி, காற்றில் ஒரு முழுச் சுற்றும் அரைச் சுற்றும் சுழன்று, முதுகு முன்னே வர இறங்கினாள். கூட்டம் கையுறையோடு கை தட்டியது. மார்கெத்தா அழுதாள். இல்போ மகள் சுழன்றதைப் பார்க்கவில்லை. அவளுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மையார், தேறியவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு, சைமியின் கையைக் குலுக்கினார். “நல்லாப் பிடிச்சு நிக்குதே. என்ன கவ்வி அது?”

“தெரியலைங்க,” என்றாள் சைமி.

இல்போவுக்கு அது நெஞ்சில் விழுந்தது. மகளின் காலடியில் மண்டியிட்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, குதிகால் கவ்வியின்மேல் இருந்த மீன் கடையை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

“இல்போ! பொண்ணு தேறிட்டா! எந்திரிச்சுக் கட்டிப் பிடி!” என்று மார்கெத்தா கத்தினாள்.

“இதோ… இந்த ஒரு ஒட்டு மட்டும்.”

மீன் கடைக்குக் கீழே காப்பி இருந்தது. காப்பிக்குக் கீழே வாழைப்பழம். சைமி கையிலிருந்த சறுக்குத் தடியால் கவ்வியின் பின்புறத்தை அழுத்தினாள். அது ஒரே அழுத்தில் விட்டது. காலை எடுத்துக்கொண்டு, ஒனெர்வாவின் தோளில் கை போட்டபடி மக்கரா வாட்டும் இடத்துக்குப் போய்விட்டாள். இல்போ சுரண்டிக்கொண்டிருந்தார்.

கதை இவ்வளவுதான். பெண் தேறிவிட்டாள்; வேறு என்ன வேண்டும்? வாழைப்பழத்துக்குக் கீழே என்ன பெயர் இருந்தது என்று சொல்ல வேண்டுமா? சொல்லாமல் முடித்தால் கோபம் வருமா? முதல் வரியிலிருந்தே, கடைசியில் எந்தக் கவ்விதான் உழைக்கும் என்று இவன் சொல்வான் என்ற நம்பிக்கையில்தான் படித்து வந்தீர்களா? அப்படியானால், வாசகரே, கையுறையைக் கழற்றிவிட்டு வாருங்கள். பனியில் இல்போவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் மண்டியிடத் தாராளமாக இடம் இருக்கிறது.