தண்ணீர் மாளிகை நிபுணர்

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். கடல் தாண்டிப் போனவர் அல்ல; செங்கல்பட்டைத் தாண்டிப் போனதே இரண்டு தடவை, இரண்டும் கல்யாணத்துக்கு. ஆனால் உலகத்தில் கடல்மேலும் ஏரிமேலும் ஆற்றின்மேலும் கட்டியிருக்கிற சொகுசு ஓட்டல்களில் எதில் கண்ணாடித் தரை, எதில் வாசற்படியிலிருந்தே கடலுக்குள் சறுக்கி இறங்கலாம், எதில் ஜன்னலுக்கு வெளியே மீன் கூட்டம் போகும், எதில் தலையணையைக்கூட மெனு பார்த்துக் கேட்டு வாங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கையில் ஒரு போன், சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகிற டேட்டா. வேறென்ன வேண்டும்? இந்த இனத்துக்குத் தண்ணீர் மாளிகை நிபுணர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மரக்காணத்து நிபுணர் ராஜவேல். வயது ஐம்பத்து நாலு. நாலு உப்புப் பாத்திகளுக்குச் சொந்தக்காரர். பாத்திகளை அவர் மனைவி அமுதவல்லி பார்த்துக்கொள்கிறார். ராஜவேல் வரப்பில் நின்றுகொண்டு உலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

ராமதாஸ் டீக்கடையில் யாராவது பாண்டிச்சேரிக் கடற்கரையில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டு வந்ததாகச் சொன்னால் போதும், கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் தெரிந்ததா என்று கேட்பார். எழுந்து ஜன்னலிடம் போக வேண்டும் என்று அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டால், ராஜவேல் நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவார். அவ்வளவுதான். போய்வந்தவருக்குப் போனதே வீண் என்று தோன்றிவிடும். ஒரு புயல் மழையில் டீக்கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, இவர் பெஞ்சுமேல் ஏறி நின்று, இப்படி ஒரு இடத்துக்காகத்தான் மாலத்தீவில் வெள்ளைக்காரன் வரிசையில் நிற்கிறான் என்றார். ராமதாஸ் அன்று அவருக்கு டீ கொடுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டதும் போனிலேயே ரூம் போடுவார். தேதி, பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இல்லை என்று ஒவ்வொன்றாக அழுத்தி, கடைசிப் பக்கம்வரை போவார். அங்கே நெற்றி சுருங்கும். "காலை டிபன் சேர்த்தி கிடையாதாம்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். இப்படியே பதினோரு நாடுகளை நிராகரித்திருக்கிறார். ஒரே ஒரு தீவில் டிபனும் சேர்த்திதான். ஆனால் அங்கே தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானத்தில்தான் போக வேண்டும். அது அமுதாவுக்கு ஒத்துக்காது என்று அதையும் ஒதுக்கினார். அமுதாவை யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு நாள் அமுதவல்லியே கேட்டார். வைகாசி வந்தால் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:

"வருஷம் பூரா தண்ணிக்குள்ள நின்னு வேலை பாக்கறேன். ஒரே ஒரு நாளு தண்ணிக்கு மேல உக்காரணுங்க."

வேறு யாராவது என்றால் பஸ் டிக்கெட் எடுத்திருப்பார்கள். நிபுணர் எடுப்பாரா? தாமே கட்டுவது என்று முடிவு செய்தார். கடைசிப் பாத்தியில் சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடித்து, மேலே கீற்று வேய்ந்து, வீடியோவில் பார்த்தது போலவே நாலு பக்கமும் வெள்ளைத் திரை கட்டினார்; திரை அவருடைய வேட்டிகள்தான். தரை நடுவே திண்டிவனத்தில் வாங்கிய பழைய பஸ் கண்ணாடி ஒன்றைப் பதித்தார். அதன் வழியாகப் பார்க்க மீன் வேண்டாமா? உப்புப் பாத்தியில் மீன் பிழைக்காது என்பது அந்த உப்புக்காரருக்கு நினைவு வந்தபோது, வாளியில் கொண்டுவந்து விட்ட பன்னிரண்டு கெண்டைகளும் மல்லாந்திருந்தன.

மீன் போகட்டும், தண்ணீராவது நிற்க வேண்டுமே. இங்கேதான் சங்கடம். உப்புத் தொழிலே தண்ணீர் வற்றுவதில்தான் இருக்கிறது. அந்தக் கரை முழுக்க எல்லாரும் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ராஜவேல் ஒருவர் மட்டும் காயாமல் இருக்க வேண்டிக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் படியத் தொடங்கினால், போய் மடையைத் திறந்து புதுத் தண்ணீர் விடுவார். படிந்தது கரைந்துவிடும். மூன்று தடவை இப்படிக் கரைத்தார். உப்பு வாரப் பலகையோடு வந்த குப்பம்மாளும் சாலம்மாளும் மூன்று தடவை கூலியில்லாமல் திரும்பினார்கள். மற்ற மூன்று பாத்திகளில் நின்ற அமுதவல்லி, அந்தக் கொட்டகை எதற்கு என்று கேட்டால், உப்புக் காவலுக்கு என்றார் நிபுணர்; கடைசிப் பாத்தி ஏன் பிந்துகிறது என்று கேட்டால், வெயில் சரியில்லை என்றார். மேற்கே கோடை மழைக்கு மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் அந்தப் பாத்தியில் பட்ட பாடு அத்தனையும் போய்விடும்.

கல்யாண நாளன்று மனைவியைக் கண்ணை மூடச் சொல்லிக் கைப்பிடித்து அழைத்து வந்து, பலகைமேல் ஏற்றி, கண்ணைத் திறக்கச் சொன்னார். அமுதவல்லி திரையைப் பார்க்கவில்லை. கீற்றையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே கீழே பார்த்தார். படிந்திருக்க வேண்டிய உப்பு இல்லை; திறந்த மடையிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"தண்ணிக்கு மேல உக்காரணும்னுதான கேட்டேன். உப்பைக் கரைக்கச் சொன்னேனா?"

புதுப் புடவையோடு இறங்கி, சேற்றை அள்ளி மடையை அடைத்தார். நிபுணர் மேலேயிருந்து, அடைத்துவிட்டால் இது தண்ணீர் மாளிகையாக இருக்காதே என்றார். அமுதவல்லி இன்னொரு கை சேற்றை வைத்து அப்பினார்.

நல்ல வேளையாக மேகம் ஒரு வாரம் பொறுத்தது. குப்பம்மாளும் சாலம்மாளும் உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடிய மறுநாள்தான் மழை வந்தது. வாரிய நாள் மத்தியானம், கண்ணுக்கெட்டிய தூரம் நிழலே இல்லாத அந்த வெளியில், பெண்கள் மூவரும் மாளிகையில் ஏறி உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். அமுதவல்லி வேட்டித் திரைக்குள் அரை மணி நேரம் தூங்கவும் செய்தார். அதைப் பார்த்தபோது ராஜவேலுக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது. அது ஐந்து நிமிஷம் நின்றது. அப்புறம் டீக்கடைக்குப் போய், எங்கோ ஒரு நாட்டில் உப்பாலேயே ஓட்டல் கட்டியிருக்கிறார்கள், நம்மிடம் இடம் ரெடி என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் அமுதவல்லி கேட்டதை விடவில்லை. ஒரு நாள் ராஜவேலின் போனைத் தட்டிக் காட்டி, இத்தனையில் பஸ்ஸில் போகிற தூரத்தில் எது இருக்கிறது என்று கேட்டார். நிபுணர் பதினோரு நாடுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மனைவிதான் சொன்னார்:

"முதலியார்குப்பத்துல போட் சவாரி விடுறாங்க. மெட்ராஸ் பஸ்ல போறப்பல்லாம் போர்டு பாத்திருக்கேன்."

"அங்க டிபன் இருக்காதே அமுதா."

"இட்லி நான் கட்டி எடுத்துக்கறேன், வாங்க."

போனார்கள். படகு நகர்ந்தது. கரையிலிருந்த சவுக்குத் தோப்பு சின்னதாகிக்கொண்டே போனது. அமுதவல்லி குனிந்து கையைத் தண்ணீரில் விட்டார். உப்பை வாரி வாரிக் காய்த்துப்போன விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. இருபத்தைந்து வருஷத்தில் ராஜவேல் கேட்டிராத மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பையும் ராஜவேல் கேட்கவில்லை.

"ஏங்க, இங்க பாருங்களேன்."

"ஒரு நிமிஷம் அமுதா" என்றார் போனிலிருந்து தலை எடுக்காமல். அதில் மாலத்தீவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படகில் போய்க்கொண்டிருந்தார்கள்.

ராஜவேலைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது பக்கத்தில் இருந்தவர் உங்களிடம் ஏதோ சொல்ல வந்தாரே, நீங்களும் "ஒரு நிமிஷம்" என்றீர்களே, அது என்ன என்று முதலில் போய்க் கேளுங்கள்.