நலங்கு மஞ்சளும் பெரிய மாமாவின் குரல்பதிவும்

லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பெரிய மாமா கணேசமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் ஷாமினியை வரும் ஞாயிற்றுக்கிழமை மணக்கப்போகிறவனும், இடையில் சில நாள் மணக்கப்போகாதவனாக இருந்தவனுமாகிய சத்தியசீலன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் நலம் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. அது கடைசியில்.

மாப்பிள்ளைக்கு நோயில்லை என்று எழுத்தில் வந்தால்தான் கல்யாணத்துக்கு வருவேன், வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பமாட்டேன் என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தீர்கள். ஆகவே எழுத்து.

பகாவ் பக்கத்தில், உங்கள் தம்பி லோரி ஓட்டும் தோட்டத்து மண்டபத்தில், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நலங்கு. என்னை மணையில் உட்கார வைத்தார்கள். என் அத்தை ராக்கம்மா மஞ்சளைப் பூசவில்லை, சுவருக்குச் சாந்து அடித்தார். கன்னம், கழுத்து, காதுக்குள். காலையிலிருந்து போன வீட்டிலெல்லாம் பசியாற வைத்ததில் எனக்கு வயிறு தொண்டைவரை நிறைந்திருந்தது, வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் தண்ணீர் பக்கமே போகவில்லை, அந்த நேரம் பார்த்து உங்கள் குரல்பதிவு வந்தது, என் மாமாவாகிய உங்கள் தம்பி எதையும் ஸ்பீக்கரில்தான் கேட்பார், செம்பனை லோரி ஓட்டி ஓட்டிக் காது மந்தம், ஆகவே மண்டபமே கேட்டது.

"தம்பி, ஹெப்பாடைட்டிஸ் பி-ன்னு ஒன்னு இருக்குலா. கல்லீரலயே தின்னுரும். மாப்ளய நல்லாப் பாத்துக்க. கண்ணு, தோலு மஞ்சளா இருக்கா? சோறு எறங்கலையா? கொமட்டுதா? அசதியா? மூட்டு வலியா? ஒன்னுக்குக் கறுப்பா போகுதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மஞ்சளாக இருந்தேன்.

"மாப்ளே, சாப்டீங்களா?" என்றார் மாமா.

"வேணாம் மாமா. எறங்கல. கொமட்டுது."

"கால ஏன் நீட்டுறீங்க?"

"முட்டி வலிக்குது மாமா."

"அசதியா?"

"ரொம்ப."

உண்மை பேசச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். பிறகு அத்தனை பெண்களுக்கும் நடுவில் கேட்டார்: "ஒன்னுக்கு என்னா கலரு?"

"பால் ஊத்தாத தே ஓ மாதிரி, மாமா."

ராக்கம்மா அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கட்டித் தே ஓவா, சாதாவா?" என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் கேட்டார்.

மாமா என் இமையை விரித்துப் பார்த்தார். அவர் விரலிலும் நலங்கு மஞ்சள். கண் எரிந்தது, வழிந்தது. "அழுவுறாரு பாரு, அப்ப இருக்கு" என்றது ஒரு குரல். எதிர் மணையில் ஷாமினி சிரித்தாள். என்னைவிட மஞ்சள். "அப்பா, எனக்கும் இருக்குலா. தொட்டுப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. "ரத்தம் பாக்காம தாலி கெடையாது."

மறுநாள் பகாவில் ஒரு கிளினிக். துணைக்கு மாமா. துணை என்றால் காவல். எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் போகவில்லை. ரத்தம் எடுக்கும் தாதி, மிஸ்ஸி, பார்த்ததும் "நலங்கா?" என்றார். ஊசியைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. "ஒரு ஊசிக்கா இந்த மொகம்? ஆம்பள எப்படிக் குடுப்பான்னு பாருங்க. மிஸ்ஸி, எனக்கும் எடுங்க." சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். அப்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

முடிவு வந்தது. எனக்கு இல்லை. குழந்தையில் போட்ட தடுப்பூசி.

மாமாவுக்கு இருக்கிறது.

"எனக்கா? மூனு தட்டு திங்கிறேன் டாக்டர். கண்ணப் பாருங்க, வெள்ள வெளேர்னு!"

டாக்டர் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. பலருக்கு வருசக்கணக்கில் ஒன்றும் தெரியாது, கல்லீரல் சத்தமில்லாமல் கெடும், அதனால்தான் ரத்தம் பார்ப்பது என்றார். இன்னும் சில பரிசோதனைகள். விடாமல் வரவேண்டும். தேவைப்பட்டால் மாத்திரை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் இருக்கலாம். பீர் மட்டும் கூடாது. அதுவரை திடமாக இருந்த மாமா அந்த இடத்தில்தான் கலங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் தனித் தட்டு, தனி டம்ளர். கல்யாணத்துக்கு வரமாட்டாராம். "என் கையால தார வாக்க மாட்டேன். புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லி, சோற்றோடு லோரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "அப்பா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள் ஷாமினி. இரண்டாவது முறையாகக் கல்யாணம் நின்றது.

நான் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன்.

"எறங்குங்க மாப்ளே."

"டாக்டர் சொன்னது கேக்கலையா மாமா? கூடச் சாப்பிட்டா ஒட்டாது, கட்டிப் புடிச்சா ஒட்டாது. ரத்தத்துல போறது. ஷாமினிக்கும் சின்னதுலயே ஊசி போட்டாச்சு. ஷேவ் பண்ற பிளேட மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க."

"பீரச் சொன்னாருல்ல, அதுக்கப்புறம் எதுவும் காதுல ஏறல."

அவர் தட்டில் ஒரே ஒரு வடை. கடைசியில் தின்ன ஓரமாக ஒதுக்கியிருந்தார். எடுத்துக் கடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம். கண் சிவந்தது. மஞ்சள் இல்லை.

"அது நான் வச்சிருந்த வடைலா" என்றார். மீதியைப் பிடுங்கித் தின்றார். பிறகு லோரி ஹாரனை அழுத்தினார். விடவே இல்லை. வீடே வெளியில் ஓடி வந்தது.

கல்யாணம் நடக்கிறது. மாமா தாரை வார்க்கிறார். ஷாமினியின் அம்மாவுக்கும் ரத்தம் பார்த்தாயிற்று, நோய் இல்லை, தடுப்பூசி தொடங்கியாயிற்று.

ஆக, மாப்பிள்ளைக்கு நோயில்லை. எழுத்தில் தந்துவிட்டேன். இனி உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். பெரியத்தைக்கு என் வணக்கம். பட்டறை செழிக்கட்டும், வருகிற மோட்டார் எல்லாம் நீங்கள் தொட்டதும் ஓடட்டும்.

உங்கள் ஆசி வேண்டும்,
சத்தியசீலன்

பின்குறிப்பு: கவலை வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். மாமாவுக்கு இது அநேகமாகப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும், ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் ரத்தம் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். கண் வெள்ளை, பசி அருமை, தே ஓ கிடையாது என்று உடனே குரல்பதிவு அனுப்பாதீர்கள். உங்கள் தம்பிக்கும் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். கிளினிக்குக்கு மாமா கூட வருவார். துணைக்குத்தான். ஊசி போடும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். முடிவு என்னவாக வந்தாலும் அன்று மத்தியானம் ஒரே தட்டில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், வடையில் பாதி உங்களுக்கு. இதையும் எழுத்தில் தருகிறேன்.