ஈயச் சன்னமும் முனியாண்டி சேவலும்

கல்யாணமாகி முதன்முறை மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்புவதுதான் எல்லோருக்கும் நல்லது. எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். கோணலாக எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும்.

ராகலையில் மாமா லீக்ஸ் பயிரிடுகிறார். காட்டுப் பன்றிகளை விரட்ட லைசன்ஸோடு ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார். சுட்ட தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வார். அதற்கான ஈயச் சன்னங்கள், கடுகளவிலிருந்து மிளகளவு வரையான குண்டுகள், ஒரே பால்மா டின்னில் கலந்து கிடந்தன. (கூடவே ஒரு சட்டைப் பொத்தானும். அது தோட்டாவுக்குள் போயிருந்தால் ஏதோ ஒரு பன்றி தப்பியிருக்கும்.)

"மாமா, இத நான் சைஸ் வாரியா பிரிச்சு வைக்கிறேன்."

"வேணாங்க மாப்பிள. நீங்க ரெஸ்ட் எடுங்க."

எடுத்திருக்கலாம். காலை முழுவதும் சலித்து, பிளாஸ்டிக் போத்தல்களில் நிரப்பி, லேபல் ஒட்டி, சுவர்ப் பலகையில் அடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். அச்சுக்குப் போகிற பக்கம் போலவே இருந்தது. ஈயம் கனக்கும் என்பது எனக்குத் தெரியும். பலகையைத் தாங்கிய இரண்டு ஆணிகளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

போத்தல்கள் விழுந்து மூடிகள் பறந்தன. எங்கள் மலைநாட்டில் எந்த வாசலும் ஏதாவது ஒரு சரிவைப் பார்த்துத்தான் திறக்கும். சன்னங்கள் படி தாண்டி முற்றத்துக்கு உருண்டோடின. அங்கே கட்டியிருந்த சேவல், விருந்துக்கு அழைத்தது போல, நிதானமாகக் கொத்தி விழுங்கியது.

"ஐயோ, முனியாண்டி சேவலு!" என்று அத்தை ஓடிவந்தார்.

மகளுக்கு நல்ல மாப்பிள்ளை அமைந்தால் கொடுப்பதாக அவர் நேர்ந்துவிட்ட சேவல் அது. அதாவது, நான் கிடைத்ததற்கு நன்றி. வெள்ளிக்கிழமை பூசை.

"அதுக்குள்ள செத்துட்டா அத்தை?"

"சாமிக்கு மாப்பிளய புடிக்கலேன்னு அர்த்தம்." அவர் சிரிக்கவில்லை.

அதைச் சாக விடுவதில்லை என்று தீர்மானித்தேன். லீவை நீட்டினேன். ஈர்க்குச்சியும் கையுமாகச் சேவலின் பின்னாலேயே அலைந்து, அது எச்சமிட்ட இடமெல்லாம் கிளறினேன், சன்னம் வெளியே வந்திருக்கிறதா என்று. என் மனைவி செல்வி, வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் விளக்கினாள்: "பத்திரிகைக்காரரு இல்லியாக்கா, செய்தி சேகரிக்கிறாரு."

வெள்ளிக்கிழமை சேவல் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சேவல் அசையவில்லை. என்னையே பார்த்தது. மறுபடி தெளித்தார். அப்போதும் அசையவில்லை.

"உத்தரவு கிடைக்கலியேப்பா," என்றார் பூசாரி.

"குளிருதோ என்னமோ," என்றேன். மாமா ஆகாயத்தைப் பார்த்தார். செல்வி மட்டும் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை பூசாரி செம்பையே கவிழ்த்தார். சேவல் கொண்டையிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மஞ்சள் தண்ணீர் முழுக்க என் கண்ணாடியில். அதைத் துடைக்காமலேயே கும்பிட்டேன்.

பலி முடிந்ததும் மாமா சேவலின் இரைப்பையைக் கீறி, சன்னங்களைப் பொறுக்கிக் கழுவி, என் உள்ளங்கையில் வைத்தார். "இதையும் சைஸ் பாத்து வச்சிருங்க மாப்பிள."

பால்மா டின் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது, பொத்தான் உட்பட. இன்றும் ராகலை வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அத்தை என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"இவருதான் எங்க மாப்பிள. சாமி மூணு தடவ யோசிச்சு ஏத்துக்கிட்ட ஆளு."