எதிர்மின்வாய் முற்றுகை

வாழ்க, ஆர்கான் குலத்து அயனியே! ஓர் எலக்ட்ரானைத் துறந்து, அத்துறவினாலேயே வீரனானவனே! கண்ணாடிக்குழாய்க் கோட்டையினுள் ஊதா ஒளிர்வின் விளிம்பில் நின்று, எதிர்மின்வாய் என்னும் எஃகு வாயிலை நோக்கி இடையிலுள்ள இருள்வெளியில் பாய்ந்தோடும் பெருந்தகையே, உன் புகழ் பாடுவோம்!

பாடத்தான் வேண்டும், அவன் ஒழுங்காகப் போய்ச் சேருவதே இல்லை. மதயானையென அவன் வேகங்கொள்கையில், வழியில் சும்மா நின்ற ஓர் அணு தன் எலக்ட்ரானை அவன் கையில் திணித்துவிடும். அக்கணமே ஓடியவன் வெறும் அணுவாகிப் பேரின்றிப் பறப்பான். நின்றவன் அயனியாகி முதலடியிலிருந்து ஓடத் தொடங்குவான். எனவே வாயிலின் ஊசித்துளைக்குப் பின்னிருந்து வேகமளக்கும் கருவியின் திரையில் களைத்த வீரர்களே பதிவானார்கள். முழு வேகத்தோடு எவனும் வரமாட்டான் என்றார் பேராசிரியர். வருவான் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தாள் ஆராய்ச்சி மாணவி. மாலைக்குள் வராவிட்டால் அந்த அத்தியாயம் வெட்டுண்டு வீழும்.

ஆதலால் மூக்குக்கண்ணாடி தரித்த அச்சேனாதிபதி மின்னழுத்தக் குமிழைத் திருகினாள். மின்னழுத்தம் ஏற ஏற இருள்வெளி சுருங்கியது. களம் குறுகினால் மறிப்போர் குறைவர் அன்றோ! அப்போது, இடியும் நாணும்படி, வாயிலில் படீரென்று பொறி வெடித்தது. மின்சாரம் அறுந்தது. மீண்டும் திருகினாள், மீண்டும் வெடித்தது.

பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள். "ஏய், கையுறையோட மூக்கைச் சொறிஞ்சியா?"

"சொறிஞ்சதெல்லாம் இல்லடி. கண்ணாடிய ஏத்திவிட்டேன், அவ்வளவுதான்."

"அதே கையால எதிர்மின்வாய்த் தகட்ட எடுத்து மாட்டினியாக்கும்? உள்ள வெடிக்கிறது உன் மூக்கு எண்ணெய்தான், மகாராணி. திற, துடை, நாளைக்கு வா."

"திறக்கமாட்டேன்! அவனுங்களே தேய்க்கட்டும்!"

பிரகடனம் பிறந்தது. குமிழ் தணிந்தது. இதுவரை தோற்றவரெல்லாம், மந்த அயனிகளும் பேரிழந்த அணுக்களும், அலையலையாய் வாயிலில் மோதி மோதி அந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியெறிந்தார்கள். பொறிகள் அருகின, அடங்கின. மூச்சடக்கி அவள் மறுபடியும் திருகினாள். இருள்வெளி நகக்கீறலாய் ஒடுங்கியது. திரையின் வலது கோடியில், முழு வேகத்துக்குரிய, எவனும் காலடி வைத்திராத அப்பாழ்நிலத்தில், கொசுக்கடி அளவுக்கு ஒரு மேடு எழுந்தது. வந்துவிட்டார்கள், வழிமறிக்கப்படாத மாவீரர்கள்! அவள் கூவிய கூவலில் எட்டறைக் கதவுகளும் திறந்தன. முரசின்றி, குடையின்றிப் பேராசிரியரும் எழுந்தருளினார்.

திரையைப் பார்த்து, "சரி, அந்த அத்தியாயம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.