கிளிமீன் இழுத்த கை

மச்சான் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்பது, இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் கந்தப்பன் தானாகவே எடுத்த முதல் முடிவு. மனைவி சண்முகவடிவின் அண்ணன் லிந்துலையில் புது வீடு கட்டியிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொந்தக்காரர்கள் கூடி அடித்துக் கொடுப்பதாகப் பேச்சு. சொந்தக்காரர்கள் என்றால் கந்தப்பன் என்று அர்த்தம். மற்றவர்கள் டீ குடிக்க வருவார்கள்.

வெள்ளிக்கிழமையே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"திருகோணமலைக்கு மீன் புடிக்கப் போறேன் வடிவு. நம்ம சின்னத்தம்பியோட சம்பந்திக்கு அங்க படகு இருக்கு. வாக்குக் குடுத்துட்டேன்."

வடிவு மறுபேச்சுப் பேசவில்லை. "பத்திரமா போயிட்டு வாங்க" என்று கம்பளியை மடித்துக் கொடுத்தாள். மனிதருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவருடைய திருகோணமலை ஹட்டனில்தான் இருந்தது. கூட்டாளி சின்னத்தம்பி வீட்டில் இரண்டு நாள் கேரம் ஆடினார். ஞாயிறு மத்தியானம் மீன் கடைக்குப் போனார். கருவாடும் டின்மீனும் தின்று வளர்ந்த மலைநாட்டு மனிதருக்குக் கடல் மீனில் எது எதுவென்று எங்கே தெரியும்? பெண் பார்க்கிற மாதிரி அழகைப் பார்த்தார். நீலமும் பச்சையுமாக, கிளி மூக்கோடு ஒன்று கிடந்தது. கடைக்காரர் சுத்தம் பண்ணக் கத்தியை எடுத்தார். கந்தப்பன் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். முழுசாகப் போனால்தானே கடலிலிருந்து வந்த மாதிரி இருக்கும்!

டிக்கோயாவில் வீட்டு வாசலிலேயே விசாரணை தொடங்கியது.

"நீங்களே புடிச்சதா?"

"பின்ன? தூண்டில்ல எறாலு மாட்டிப் போட்டேன். லபக்குன்னு கவ்விருச்சு. ரெண்டு மணி நேரம் இழுத்தேன்!"

"அய்யய்யோ, கை வலிக்கலீங்களா?"

"இந்தக் கையா? இன்னும் பத்து மீன இழுக்கும்!"

வடிவு மீனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வயிற்றைக் கீறியதும் கூப்பிட்டாள்.

"என்னங்க, எறால காணோமே? கொடலு பூரா வெள்ள மணலாவுல்ல இருக்கு?"

மகள் சர்மிளா போனைத் தட்டினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவைக் காட்டிக்கொடுக்க ஒரு நிமிஷம் போதும்.

"இது கிளிமீனும்மா. பவளப்பாறையில இருக்கிற பாசியக் கொறிச்சுத் திங்குமாம். பாறையும் பொடியாகி மணலா வெளிய வருமாம். தூண்டில்ல லேசுல மாட்டாது, வலையிலதான் புடிப்பாங்களாம்."

கந்தப்பனுக்கு வியர்த்தது. டிக்கோயாக் குளிரில் வியர்ப்பது சாதாரண விஷயமா?

"ராத்திரியில சளியாலயே பை மாதிரி கட்டிக்கிட்டு உள்ள தூங்குமாம்."

"ஒங்கப்பா கம்பளிக்குள்ள கெடக்கிற மாதிரி" என்றாள் வடிவு.

"நெறைய மீனு மொதல்ல பொண்ணாத்தான் இருக்குமாம். பெருசானதும் ஆம்பளையா மாறி, இந்த மாதிரி நீலமாயிருமாம்."

"பாத்தீங்களா? பொம்பளையா இருந்த வரைக்கும் வெவரமாத்தான் இருந்திருக்கு. ஆம்பளையானப்பறம்தான் வலையில விழுந்திருக்கு."

"அப்பா, அப்ப தூண்டில்ல எப்படிப்பா..."

"சும்மா இரு. நா ஒங்கப்பாவ நம்புறேன்" என்று மகளை அதட்டினாள் வடிவு.

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு உத்தமியிடமா பொய் சொன்னோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ரெண்டு மணி நேரம் இழுத்தும் வலிக்காத கையாச்சே ஒங்களுது. அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். காலையில வேன் அனுப்புது. ஒங்க ஃபெக்டரிக்கு லீவும் சொல்லியாச்சு."

"வேனா? எதுக்கு?"

"பெயிண்ட் அடிக்கத்தான்."

கை வலிக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் மீன் இழுத்தது பொய்யாகிவிடும். கந்தப்பன் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார்.

"அது நேத்தும் இன்னைக்குமா அடிச்சு முடிச்சிருப்பாங்களே வடிவு?"

"எங்க முடிச்சாங்க? வெள்ளிக்கெழம நீங்க படி எறங்குனதுமே, அவரு வரட்டும்னு நாந்தான் நிப்பாட்டி வச்சேன். இன்னும் ஒரு டின்னுகூடத் தொறக்கல."