என் கல்யாணம் நாற்பது நிமிஷம் பின்னால் ஓடிய கதை

நேரம் தெரியாமல் வருகிறவர்களை மன்னித்துவிடலாம். நேரம் எப்படி ஓடுகிறது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, தன் கல்யாண முகூர்த்தத்தையே கோட்டைவிட்டவனை எப்படி மன்னிப்பது என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி சுஜாதா பதினோரு வருஷமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறாள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆந்திர எல்லையில் இருக்கும் நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குப் போய் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த முதல் ஆள் நான்தான். என் வேலை கர்னலில். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எப்போது வேலை, யாருக்கு எப்போது ஓய்வு என்று பங்கு போட்டுக் கொடுக்கிற நிரலுக்குத்தான் அந்தப் பெயர். அதிலும் என் பகுதி, கர்னல் எப்படி நேரம் பார்க்கிறது என்பது. ஆபீசில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். (அந்தக் கைதட்டுதான் என்னைக் கெடுத்தது.)

நிச்சயதார்த்தம் சித்தூரில் பெண் வீட்டில் நடந்தது. மாமனார் அங்கே காய்கறி மண்டி வைத்திருப்பவர். வீட்டில் நாங்கள் எல்லோரும் பேசுவது தமிழ்தான் என்றாலும், கல்யாணத்தில் பாதிச் சடங்கு தெலுங்குக்காரர்களுடையது. அதில் முக்கியம் சீரகவெல்லம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு திரை. சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்து வெற்றிலையில் வைத்து, சுமுகூர்த்தம் என்று குறித்த அந்த ஒரே நிமிஷத்தில் ஒருவர் தலையில் ஒருவர் வைக்க வேண்டும். தாலிகூட அதற்கப்புறம்தான்.

"பெரிய பொண்ணு கல்யாணத்துல பந்துலு கடியாரம் ஒண்ணு சொல்லுது, மேளக்காரன் கடியாரம் ஒண்ணு சொல்லுது" என்றார் மாமனார். "ரெண்டுக்கும் நடுவுல நிமிஷம் பூட்ச்சு அல்லுடு. இன்னிக்கு நெனச்சாலும் வவுறு எரியுது. இந்த வாட்டியும் தப்பிப் பூட்ச்சின்னா பொண்ண எழுப்பி இட்டுக்கினு பூடுவேன். அடுத்தது ஆடி. ஆவணில பாத்துக்கலாம்."

பந்துலு என்பது புரோகிதர், அல்லுடு என்பது மாப்பிள்ளை, அதாவது நான். சிரித்துக்கொண்டே சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பஜ்ஜியைத் தின்றிருக்கலாம். "மாமா, கவலைப்படாதீங்க. வினாடி பிசகாம ஒரு கடிகாரம் நான் செஞ்சு தரேன்" என்றேன். பக்கத்தில் இருந்த என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

செய்தது என்னவென்றால், உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர் ஒன்று. அதை மண்டபத்தின் பெரிய டிவியில் மாட்டினால், சுமுகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சிவப்பு எண்களில் காட்டும். எண் பூஜ்யத்துக்கு வந்ததும் மைக்செட் ஸ்பீக்கரில் தானாகவே கெட்டிமேளம் முழங்கும். மேளக்காரர்களுக்கு யாரும் விரலை ஆட்டிச் சைகை காட்ட வேண்டியதில்லை. (நாதஸ்வரக்காரர் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், மன்னிக்கவும். சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமான கடிகாரம் உண்டு. ஒன்று, பொத்தான் பேட்டரியில் ஓடுவது. மின்சாரம் இல்லாவிட்டாலும் நிற்காது. கர்னல் கண் விழித்ததும் அதனிடம் ஒரே ஒரு முறை மணி கேட்டுக்கொள்ளும். அதன்பிறகு அந்தப் பக்கம் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. இன்னொரு சில்லின் துடிப்பை எண்ணி எண்ணித் தானே நேரத்தை நகர்த்திக்கொண்டு போகும். நான் வாங்கிய குட்டியில் அந்தப் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பொருத்தாவிட்டால், மணிக்கொரு தரம் நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், கடைசியாக எழுதி வைத்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று நம்பி அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இன்டர்நெட் இருந்தால் விசாரித்துத் திருத்திக்கொள்ளும். மண்டபத்தில் இன்டர்நெட் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் பேச்சிலேயே இதற்குத் தனியாகப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது. மின்சாரம் எங்கே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் திருப்பதியில், அலிபிரி போகிற சாலையில் ஒரு மண்டபம். வெள்ளிக்கிழமை. சுமுகூர்த்தம் ஒன்பது நாற்பத்திரண்டு. பத்தரைக்கு ராகுகாலம். காலை ஏழே முக்காலுக்குக் குட்டியைச் சொருகி, போனைப் பார்த்து நேரம் வைத்தேன். அப்போது புரோகிதர் பந்துலு காரு வந்தார். அவர் கைக்கடிகாரம் மூன்று நிமிஷம் வேகமாக ஓடியது. அதை நான் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? குவார்ட்ஸ் கல் சூட்டில் எப்படித் தடுமாறும் என்று விளக்கவும் செய்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என்னை அலங்காரத்துக்கு மாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். போனை நண்பன் வாங்கி வைத்துக்கொண்டான். கையில் கடிகாரம் கட்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நான் மேலே இருந்தபோது, ஒன்பது இருபதுக்கு, மைக்செட் ரமணய்யா மேடையருகே வந்திருக்கிறார். அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு இடம் வேண்டும். இருந்தது ஒரே ப்ளக் பாயிண்ட். அதில் என் குட்டி. பிடுங்கினார், தன்னுடையதைச் சொருகினார், ஆள் அனுப்பி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரவழைத்து, ஐந்து நிமிஷத்தில் என்னுடையதையும் பொறுப்பாகத் திரும்பச் சொருகிவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. குட்டி கண் விழித்து, கடைசியாக எழுதிவைத்த எட்டே முக்காலை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எண்ண ஆரம்பித்தது.

நான் மேடைக்கு வந்து உட்கார்ந்தபோது டிவியில் ஐம்பத்திரண்டு நிமிஷம் பாக்கி. அடடா, எவ்வளவு சீக்கிரம் தயாராகிவிட்டோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பந்துலுவும் டிவியைப் பார்த்துவிட்டு மந்திரத்தைச் சாவகாசமாக நீட்டினார். மாமனார் முன்ஜாக்கிரதைக்காரர். அரை மணி இருக்கும்போதே திரையைப் பிடிக்கச் சொல்லி, எங்கள் கையில் சீரகவெல்லத்தையும் கொடுக்க வைத்துவிட்டார். உண்மையில் அப்போது மணி ஒன்பது ஐம்பது. குறித்த நிமிஷம் போய் எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

கீழே முன்வரிசையில் ஒரு பெரியவர் போனைக் காட்டி ஏதோ கேட்டார். என் நைனா எழுந்து போய், "எங்க பையன் வெச்ச டைமு. அது தப்பாவாது. கம்முனு குந்து" என்று அவரை உட்கார வைத்தது எனக்குக் கேட்டது. பெருமையாக இருந்தது.

வெல்லம் இளகி மணிக்கட்டு வழியாக முழங்கையை நோக்கிப் புறப்பட்டது. ஒரு ஈ வந்தது. பிறகு அதன் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. சுஜாதா திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிச்சயத்துக்கு அப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா ரகம்தான்.

"ஏங்க, என் ப்ரெண்டு போன்ல பத்து மணின்னு காட்டுதுங்க."

"டவர்ல ஏதாவது கோளாறா இருக்கும். போனுக்கு நேரம் வெளியிலேருந்து வருது. என்னோடது உள்ளுக்குள்ளயே எண்ணுது. ஒரு வினாடிக்கு எத்தனை லட்சம் துடிப்பு தெரியுமா?"



"எங்க வார்டுல ரெண்டு கடியாரம் வேற வேற டைம் காட்டினா, நாங்க லெக்சர் குடுக்க மாட்டோம்" என்றாள். "மூணாவது ஒண்ணப் பாப்போம்."

முதல் முறையாக டிவியைச் சந்தேகத்தோடு பார்த்தேன். காரணம், கர்னலே அதைத்தான் செய்யும். ஒரு கடிகாரத்தின் மேல் சந்தேகம் வந்தால் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, உளறுகிறதை ஒதுக்கிவைக்கும். அதற்கென்றே உள்ளே ஒரு காவல்காரன் இருக்கிறான். என் பேச்சில் அது கடைசிப் பகுதி, கைதட்டு வந்ததே அதற்குத்தான்.

"பந்துலு காரு, உங்க கடிகாரம்..." என்றேன்.

அவர் நிதானமாகப் பையைத் திறந்து, விபூதிப் பொட்டலம், பஞ்சாங்கம், சீப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். "மூடு நிமிஷாலு ஃபாஸ்ட்டு கதா பாபு, தீஸேஸ்தே பதி ஒகட்டி" என்றார். மூன்று நிமிஷத்தைக் கழித்தாலும் பத்து மணி ஒரு நிமிஷம். புகைப்படக்காரர் கேமராவும் அதையே சொன்னது. டிவியில் மட்டும் இன்னும் இருபத்தியொரு நிமிஷம் பாக்கி இருந்தது.

மாமனார் எழுந்து நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. ஆவணி வரைக்கும் என்பது எனக்கு ஒரு ஆயுள் மாதிரி தோன்றியது. அதற்குள் அவர்கள் வீட்டில் யார் யார் என்ன என்ன சொல்வார்கள், சுஜாதா மனசு மாறிவிட்டால் என்ன செய்வேன் என்று எல்லாம் அந்த ஒரு மூச்சில் ஓடியது. பந்துலு பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு விரலை உயர்த்தினார்.

"சுமுகூர்த்தம் போயிந்தி. லக்னம் போலேது."

குறித்த நிமிஷம் போய்விட்டது, லக்னம் இன்னும் போகவில்லை என்கிறார். பத்து ஆறு வரைக்கும் இருக்கிறதாம். எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் மகளைப் பார்த்தார்.

"நைனா, ஆவணில எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள் சுஜாதா. "குந்து."

சொல்லிவிட்டு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல், திரைக்கு மேலாகக் கையை நீட்டி என் உச்சந்தலையில் சீரகவெல்லத்தை ஊசி போடுகிறவள் மாதிரி அழுத்தி வைத்தாள். நானும் வைத்தேன். அவசரத்தில் என்னுடையது அவள் புருவத்தில் போய் உட்கார்ந்தது. திரை இறங்கியது. வெல்லம் வழிகிற ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அவள் என்னைப் பார்த்தாள். முதல் பார்வை என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு வாய்த்தது அது.

மேளம் வாசிக்க ஆளில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதென்று நாதஸ்வரக் கோஷ்டி காபி குடிக்கப் போயிருந்தது. என் அம்மா பூஜை மணியை எடுத்துத் தன்னால் ஆன மட்டும் அடித்தாள். கோஷ்டி ஓடி வந்து சேர்ந்த பிறகு, ராகுகாலத்துக்கு முன்னால் தாலி கட்டினேன்.

நைனா பக்கத்தில் வந்தார். "இன்னாடா ஆச்சு உன் மிஷினுக்கு? நாலு பேரு வாய அடைச்சிட்டேனேடா நானு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் தலை குனிந்து நின்றது என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கல்யாணத்தில் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருப்பது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இதோடு முடிந்திருக்கலாம். நானும் சுஜாதாவும் கீழே இறங்கிப் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்தோம். மாமனார் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். ரமணய்யாவின் கையைப் பிடித்து மேடைக்கு நடுவே இழுத்து வந்து, பந்தலுக்குக் கீழே நிற்க வைத்து, "எதுக்குய்யா புடுங்கின?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம்தான் சார் புடுங்கினேன், திருப்பி சொருகிட்டனே!" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது மணி பத்து இருபத்திரண்டு. இத்தனை கலவரத்தில் ஒருவருக்கும் டிவியை அணைக்கத் தோன்றவில்லை. சிவப்பு எண்கள் பூஜ்யத்தைத் தொட்டன. ரமணய்யாவின் சொந்த ஸ்பீக்கர்களில், முழுச் சத்தத்தில், கெட்டிமேளம் முழங்கியது. பின்வரிசைக்காரர்களுக்கு மேடையில் நடந்தது எதுவும் தெரியாது. அவர்கள் டிவியை மட்டும் நம்பி அட்சதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள். மேளம் கேட்டதும் வீசினார்கள். அதைப் பார்த்து நடுவரிசையும் கையில் மிச்சம் இருந்ததை வீசியது. கைகோத்து நின்ற மாமனார் மேலும் ரமணய்யா மேலும் மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது. புகைப்படக்காரர் தொழில் தெரிந்தவர். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துவிட்டார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் நானும் சுஜாதாவும் சேர்ந்து இருக்கிற படங்களில் அவளுக்கு ஒரு கண் மூடியிருக்கும். மாமனாரும் ரமணய்யாவும் இருக்கிற அந்தப் படம் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. வருஷா வருஷம் எங்கள் கல்யாண நாளன்று காலை சரியாகப் பத்து இருபத்திரண்டுக்கு ரமணய்யா என் மாமனாருக்குப் போன் போடுகிறார். முதல் இரண்டு வருஷம் மாமனார் எடுக்கவே இல்லை. மூன்றாம் வருஷம் எடுத்துத் திட்டினார். இப்போதெல்லாம் ஒன்பதரைக்கே மண்டியில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். எங்களுக்கு வாழ்த்து சொல்ல மாத்திரம் சாயங்காலம் ஆகிவிடுகிறது.

"வுடுங்க" என்கிறாள் சுஜாதா. "நிமிசம் தப்பாம நடந்தது அன்னிக்கு அவங்க ரெண்டு பேருக்குத்தான்."