மூன்று மில்லிமீட்டர் காற்று

கணக்கு மூன்று மில்லிமீட்டர் என்றது. சோதனையில் எடுத்த படம் மூன்றரை என்றது.

பொறியாளர் மறுபடியும் அளந்தார். மூன்றரையேதான்.

சோதனைக் குழாய்க்குள் ஒலியைவிட ஏழு மடங்கு வேகத்தில் காற்று வந்து மோதினால், செம்பில் கடைந்த சோதனை மாதிரியின் உருண்டை மூக்குக்கு முன்னால் நசுங்கிய காற்று ஒரு படலமாக நிற்கும். அதன் தடிமனைக் கணிக்கத்தான் மனிதர் இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மேலதிகாரி வருகிறார். கணக்கும் படமும் ஒத்துப்போகாவிட்டால், ஸ்டோர் ரூமில் போல்ட் எண்ண அனுப்பிவிடுவார்கள்.

மூக்கில்தான் ஏதோ அழுக்கு என்று முடிவுகட்டினார். மேலதிகாரி கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்று நேற்றே லேத்துக்காரரிடம் கொடுத்து அதைப் பளபளப்பாக்கியிருந்தார். போதவில்லை போலிருக்கிறது.

"இன்னும் நல்லா தேய்ங்க. எனக்கு மூணு வரணும், மூணு!"

"சார், இது செம்பு. ரொம்பத் தேய்ச்சா மூக்கு..."

"மூக்கைப் பத்தி எனக்குத் தெரியும். தேய்ங்க."

தேய்த்தார். படம் நாலு காட்டியது.

"என்னங்க தேய்ச்சீங்க? என் முகம் தெரியணும் அதுல!"

முகம் தெரிந்தது. படத்தில் நாலரை. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

செம்பு சொன்னபடி கேட்காவிட்டால் போகிறது, கணக்கு கேட்கும். காகிதத்துக்குள் தலையைக் கவிழ்த்து, யார் வந்தார் யார் போனார் என்றுகூடப் பார்க்காமல், சூத்திரத்தில் ஒரு திருத்தத்தைச் செருகினார். விடை நாலரை, சொல்லிவைத்தாற்போல.

மேலதிகாரி வந்தார். கணக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அட, அச்சு அசலா ஒத்துப்போகுதே! இந்தத் திருத்தம் இதுவரைக்கும் யாருக்கும் தோணலையே?"

"பழைய மூணு மில்லிமீட்டர் கணக்கெல்லாம் சுத்த அபத்தம் சார்," என்றார் பொறியாளர், அதைப் போட்டவர் யாரோ மாதிரி.

"எங்கே, என் கண் முன்னால ஒரு தடவை ஓட்டுங்க."

"நூறு தடவை ஓட்டலாம் சார்!"

டமார் என்று காற்று பாய்ந்தது. திரையில் படம் விழுந்தது. மேலதிகாரி தன் கையாலேயே அளந்தார். மூன்று. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற லேத்துக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"வந்துடுச்சா சார் மூணு? தேய்ச்சுத் தேய்ச்சு மூக்கு சப்பையாப் போச்சு, சப்பை மூக்குன்னா காத்து தள்ளித்தானே நிக்கும்! நீங்க தவிச்ச தவிப்பைப் பாத்து மனசு கேக்கல, பழைய அளவுலயே புதுசா ஒண்ணு கடைஞ்சு மாட்டிட்டேன்!"